காரைக்குடி வீட்டுப் பட்டறைக்கு எந்தக் காற்றுச் சுத்திகரிப்பான்?

படுக்கையறை ஏர் பியூரிஃபயரைப் பட்டறைக்கு வாங்காதீர்கள். பழைய பர்மா தேக்குக் கதவை உப்புத்தாள் போட்டால், பியூரிஃபயரின் முன்வலையில் பழுப்புத் தூள் அப்பளம்போல் படிந்துவிடும். உள்ளே இருக்கும், நுண்தூசி பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும். அதை மாற்றும் செலவு கையைக் கடிக்கும்.

10-க்கு 12 அடி அறை, செட்டிநாட்டு உயரம் 14 அடி என்றால் 1,680 கன அடி. மணிக்கு 8 முறை காற்று சுழல, நிமிடத்துக்கு 224 கன அடி வேண்டும். ஃபேனில் போட்டிருக்கும் அளவு ஃபில்டர் இல்லாதபோது கிடைப்பது, அதனால் இரட்டிப்பாக எடுங்கள்.

சிக்கனமானது பிளைவுட் பெட்டிதான்: காற்று நுழையும் பக்கம் முதலில் கழுவும் வலை, அடுத்து 2 அங்குல மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் என்பது தூசி பிடிக்கும் திறனின் அளவு), கடைசியில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபில்டரின் அம்புக்குறி ஃபேனைப் பார்க்கணும். ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டாவிட்டால் தூசி சந்து வழியே போய்விடும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். காற்று வெளிவரும் பக்கம் ஒரு ரிப்பன் கட்டுங்கள். அது தொங்கினால் ஃபில்டர் அடைத்துவிட்டது.

அயனைசர், ஓசோன் வகை வேண்டவே வேண்டாம். இந்தப் பெட்டியும் மிதக்கும் தூசியைத்தான் பிடிக்கும். அதனால் சாண்டரில் (தேய்க்கும் மெஷினில்) வேக்குவம், முகத்தில் என்95 கட்டாயம். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் ஓடட்டும்.