நோய் வராமலிருக்க ஒரு மாத்திரை: டாமாக்ஸிஃபெனுடன் நாலு வருடம்

எனக்குப் புற்றுநோய் இல்லை. அம்மாவுக்கும் சித்திக்கும் ஐம்பது வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய் வந்ததால் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். பிஆர்சிஏ-2 மரபணுவில் பிறழ்வு இருப்பது தெரிந்தது. இந்தப் பிறழ்வு உள்ளவர்களில் 80 வயதுக்குள் 100க்கு 69 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம் என்பது 2017இல் வெளியான பெரிய ஆய்வின் கணக்கு. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறையும். மனம் அதற்கு ஒப்பவில்லை. வருடா வருடம் எம்.ஆர்.ஐ., மேமோகிராம், கூடவே தினமும் 20 மில்லிகிராம் டாமாக்ஸிஃபென் ஐந்து வருடத்துக்கு என்று டாக்டருடன் பேசி முடிவெடுத்தேன்.

இந்த மருந்து மார்பகச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளரும் வகைக் கட்டிகளைத்தான் தடுக்க முடியும். பிஆர்சிஏ-2 உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வருவது அந்த வகை. பிஆர்சிஏ-1 என்றால் பெரும்பாலும் வேறு வகை. ரிப்போர்ட்டில் 1ஆ 2ஆ என்று முதலில் பாருங்கள். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 13,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இந்த மருந்து புற்றுநோயை 49 சதவீதம் குறைத்தது. அதில் புற்றுநோய் வந்தவர்களில் பிஆர்சிஏ-2 பிறழ்வு இருந்தவர்கள் 11 பேர்தான். அவர்களை வைத்துச் சொல்லப்படும் 62 சதவீதக் குறைவை உறுதியான கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. இது தெரிந்தேதான் சாப்பிடுகிறேன்.

முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. நெஞ்சில் சூடு கிளம்பும், கழுத்து வழியாகக் காது மடல் வரை ஏறும், ரவிக்கையின் முதுகுப்பக்கம் நனைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கியதும் குளிரும். சென்னை மே மாதத்தில், மின்வெட்டு இரவில் இது வந்தால் அழுகையே வரும். இதற்கு வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்தை டாக்டர் குறைந்த அளவில் கொடுத்தார், நன்றாகவே கேட்டது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை கல்லீரலில் டாமாக்ஸிஃபென் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும்.

வெள்ளைப்படுதல் அதிகமானது. மாதவிடாய் தாறுமாறாக வந்தது. மாதவிடாய் தள்ளிப்போனாலும் கர்ப்பம் தரிக்கலாம். இந்த மருந்து கருவைப் பாதிக்கும். ஹார்மோன் கருத்தடை மாத்திரையும் கூடாது என்பதால் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

உடம்பு உபாதையைவிட எனக்குப் பெரிய சோதனை மற்றவர்கள்தான். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் யாரும்மா?" என்பார்கள். "நான்தான்" என்றதும் ஷீட்டை வெட்டும் கத்தரிக்கோல் ஒரு நொடி நிற்கும். மாமியார், "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கும்மா கேன்சர் மாத்திரை?" என்று கேட்டார். வேர்த்து எழுந்த இரவுகளில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். நோயாளிக்கு மருந்து வேலை செய்வது ஸ்கேனில் தெரியும். எனக்கோ எதுவும் நடக்காமலிருப்பதுதான் பலன், அது மாத்திரையால்தானா என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. அம்மாவும் ஆபரேஷனுக்கு அப்புறம் இதே மாத்திரையைத்தான் சாப்பிட்டாள். அவள் மட்டும் எதுவும் கேட்க மாட்டாள். ராத்திரி போனில், "போட்டாச்சா?" என்பாள், அவ்வளவுதான்.

காலில் ரத்தம் உறைவது, கருப்பைப் புற்றுநோய் இரண்டும் அபூர்வம்தான், ஆனால் நிஜமான ஆபத்து. குறிப்பாக மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாக ரத்தப்போக்கு இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

5 மில்லிகிராம் போதாதா என்று கேட்டேன். இத்தாலியில் 500 பெண்களிடம் அந்த அளவு நல்ல பலன் தந்தது, ஆனால் அவர்கள் மார்பகத்தில் ஆரம்பநிலை மாற்றங்கள் ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்கள். அதனால் 20இலேயே தொடர்கிறேன். உபாதை தாங்காமல் நிறுத்த நினைப்பவர்கள், நிறுத்தும் முன் இந்தக் குறைந்த அளவைப் பற்றி டாக்டரிடம் பேசிப்பாருங்கள்.

இந்தப் பிறழ்வால் சூலகங்களிலும் புற்றுநோய் வரலாம் என்பதால், எனக்கு அடுத்தது அவற்றை அகற்றும் ஆபரேஷன். ரத்தக்கட்டி பயத்தால் அதற்கு முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.