மேகதாதுவா, ஒகேனக்கலா?

பெங்களூரிலிருந்து ஒரே நாளில் காவிரியைப் பார்த்துத் திரும்ப மேகதாதுதான் பக்கம். கனகபுரா வழியாகச் சுமார் 100 கி.மீ. அர்க்காவதி வந்து சேரும் சங்கமத்தில் அக்கரை போய், காட்டுப் பாதையில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனால், அகன்று வந்த ஆறு பாறை இடுக்கில் ஒடுங்கிச் சீறுகிறது. ஆனால் பார்ப்பதோடு சரி. வழுக்குப் பாறையும் சுழலும் பலரைப் பலி வாங்கியிருக்கின்றன, இறங்கவே கூடாது.

அதே தண்ணீர்தான் கீழே ஒகேனக்கலுக்கு வருகிறது. ஓசூர், தருமபுரி வழியாகக் கிட்டத்தட்ட 180 கி.மீ. தூரம் அதிகம்தான், ஆனால் பரிசல் இருக்கிறதே! இருபுறமும் செங்குத்துப் பாறை, கரையேறினால் எண்ணெய் மசாஜ், அப்புறம் மசாலா தடவிய மீன் வறுவல். குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு இதற்கே. நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். கிளம்புமுன் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.