யாளி பொம்மைக்குப் புகை: தண்ணீர்ப் பனியா, கிளிசரினா?

பொம்மலாட்ட யாளியின் வாயில் புகை வரவைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் அல்ட்ராசோனிக் தகடு, அதாவது காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும் சின்னத் தகடு. இது 5 வோல்ட்டில் ஓடும். பவர் பேங்க் போதும். நனைந்த பஞ்சுத்திரி தகட்டைத் தொட்டபடி இருந்தால் தண்ணீர் பனியாகச் சிதறும். சூடு கிடையாது. ஆனால் மின்விசிறிக் காற்றில் சட்டென்று கலைந்துவிடும்.

இன்னொன்று, மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் நிக்ரோம் கம்பியால் திரியில் ஊறிய கிளிசரினை ஆவியாக்குவது. அதில் வரும் புகையே தனி: அடர்த்தி, வெள்ளை, பின்வரிசைக்கும் தெரியும். ஆனால் லித்தியம் செல்லிலிருந்து நிறைய கரண்ட் இழுக்கும். திரி காய்ந்தால் கிளிசரின் கருகி அக்ரோலின் என்ற நச்சு கிளம்பும். பக்கத்திலேயே பொம்மையின் துணி வேறு. இ-சிகரெட்டுக்குள் இதே வேலையைச் செய்யும் சூடாக்கும் சுருளை (வேப் காயில்) வாங்கலாமே என்றால், இ-சிகரெட் விற்பனைக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

குழந்தைகள் முன்வரிசையில் உட்காரும் ஆட்டத்துக்கு நான் தண்ணீர்ப் பனியைத்தான் வைப்பேன். பின்னாலிருந்து ஒரு வெள்ளை எல்இடி அடித்தால் அதுவும் நன்றாகவே எடுபடும்.