ஒரு வெள்ளிக் கிளினிக்கும் பதினைந்து வெள்ளிக் காரும்: எட்டு ஆண்டு அனுபவம்

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு வரிசைக் கடைகளும் ஒரு தமிழ்ப்பள்ளியும் ஒரு மாரியம்மன் கோயிலும் சேர்ந்து உருவான சிறு நகரம் அது. நாங்கள் குடியிருப்பது அங்கிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். என் தாயாருக்கு இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக்கொதிப்பும் இருப்பது 2017-ஆம் ஆண்டில் தெரியவந்தது; அன்று முதல் இன்று வரை அவரை நகரத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. எட்டு ஆண்டுகள் ஒரே முகப்பிடத்தில் எண் வாங்கி, ஒரே நாற்காலி வரிசையில் காத்திருந்து, ஒரே மருந்துச் சாளரத்தில் கையெழுத்துப் போட்டு வந்ததில் தெரிந்துகொண்டவற்றை, பெற்றோருக்காக இதே பாதையில் இப்போது நடக்கத் தொடங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். மலேசியக் குடியுரிமை உள்ளவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மருத்துவரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். 1982-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண உத்தரவின் கீழ் இது நடைமுறையில் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர் அந்த ஒரு வெள்ளியும் கட்டத் தேவையில்லை. அம்மா 2020-இல் அறுபதைத் தொட்டார். ஆனாலும் கிளினிக்குக்குப் புறப்படும்போது கைக்குட்டை முனையில் ஒரு நீல நோட்டை முடிந்துகொள்வதை அவர் இன்னும் விடவில்லை. "கவுண்டர்ல கேட்டா என்ன பண்றது?" என்பார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த ஒரு வெள்ளியை வைத்து "நம் நாட்டில் வைத்தியம் இலவசம் மாதிரிதான்" என்று பலர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் சம்பளச் சீட்டுதான் நினைவுக்கு வரும். நான் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாள்கூலிக்கு வேலை செய்கிறேன். 2017-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி; 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 38 வெள்ளி 46 காசு. தொழிலாளிக்குச் சட்டம் தரும் நோய் விடுப்பு அவருடைய சொந்த நோய்க்கு மட்டுமே. தாயை அழைத்துச் செல்வதற்கு அது பொருந்தாது. கிளினிக்கில் கேட்டால், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை இங்கே இருந்தார் என்று நேரச் சீட்டு எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால் மேலாளர் திட்டமாட்டார், ஆனால் கூலியும் தரமாட்டார்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரத்துக்கு முன்பு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கத் தனியாக ஒரு நாள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்க, பாதத்தைச் சோதிக்க என்று இன்னும் இரண்டு நாள். மருந்தை மாதத்துக்கு ஒரு மாத அளவுதான் கொடுப்பார்கள் என்பதால் இடையில் மருந்து மட்டும் வாங்கவும் போக வேண்டும். அந்த ஆண்டில் நான் பதினொரு நாள் கூலி இழந்தேன், அதாவது 400 வெள்ளிக்கும் மேல். முகப்பிடத்தில் நாங்கள் கட்டிய தொகை பத்து வெள்ளியைத் தாண்டவில்லை.

இதில் கிளினிக்கைக் குறை சொல்வது நியாயமாகாது. அங்கே நடக்கும் வைத்தியம், என் பார்வையில், நம் ஊர்த் தனியார் கிளினிக்குகளில் கிடைப்பதைவிட ஒழுங்கானது. தனியாரிடம் 70 வெள்ளி கொடுத்தால் பத்து நிமிடத்தில் மாத்திரையோடு வெளியே வரலாம். ஆனால் அடுத்த மாதம் யார் கவனிப்பார்? அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவுக்கென்று ஒரு நீரிழிவுப் பதிவுப் புத்தகம் உண்டு. எடை, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரில் புரதம், கால் உணர்ச்சி எல்லாம் அதில் வரிசையாக எழுதப்படுகின்றன. முதலில் 11.2 விழுக்காடாக இருந்த சராசரிச் சர்க்கரை இரண்டு ஆண்டில் 8-க்குக் கீழே இறங்கியதற்கு அந்தப் புத்தகமும், அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவைக் கடிந்துகொண்ட தாதி ஒருவரும்தான் காரணம். "ஆண்டி, இந்த மாதம் தோசையா, தே தாரிக்கா?" என்று அவர் மலாயில் கேட்பார், அம்மா தமிழில் மழுப்புவார், நடுவில் நான் மொழிபெயர்ப்பதுபோல நடித்துக்கொண்டிருப்பேன்.

மொழிச் சிக்கல் சிறியதல்ல. மருந்துப் பொட்டலத்தின் மேல் மலாயில் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும்: இத்தனை மாத்திரை, ஒரு நாளில் இத்தனை முறை, சாப்பிட்ட பிறகு. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியும், மலாய் பேசவும் தெரியும், ஆனால் மலாய் அச்சிடப்படும் ரூமி எழுத்தை, அதாவது ஆங்கில எழுத்தை, வாசிக்க வராது. முதல் ஆறு மாதம் அவர் மாத்திரைகளை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டார். ஒரு முறை மருந்து தயாரிக்கும் நிறுவனம் மாறியதில் வெள்ளை மாத்திரை இளஞ்சிவப்பாக வந்தது; அது வேறு மருந்து என்று எண்ணிப் பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். இரண்டு நாள் தலைசுற்றலோடு படுத்திருந்த பிறகுதான் எங்களுக்கு விவரம் தெரிந்தது. அடுத்த முறை மருந்தாளரிடம் சொன்னேன். அவர் இளம் சீனப் பெண். பேனாவை எடுத்து ஒவ்வொரு பொட்டலத்திலும் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுத்தார். வீட்டில் நான் அதன் கீழே தமிழில் "கொதிப்புக்கு", "இனிப்புக்கு" என்று எழுதி, எல்லாவற்றையும் மைலோ டின் ஒன்றில் அடுக்கி வைத்தேன். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

எங்கள் வரவுசெலவைத் தலைகீழாக்கியது 2019. செருப்புக் கடித்த சின்னப் புண் பெருவிரலில் சீழ் வைத்து, மாவட்ட மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டில் அம்மாவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆறு நாள். அப்போது அவருக்கு 59 வயது என்பதால் முதியோருக்கான கட்டணக் கழிவு கிடையாது. ஆனாலும் வார்டுக் கட்டணம் ஒரு நாளுக்கு 3 வெள்ளி வீதம் 18 வெள்ளிதான் வந்தது. ரசீதைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. விரலைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு 18 வெள்ளி!

வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவு தொடங்கியது. புண் ஆறும் வரை தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்திலிருந்து நகரத்துக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கிராப் கார் இந்தப் பக்கம் வராது. பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் தம் காரில் அழைத்துப் போய்வர 15 வெள்ளி வாங்கினார். பெட்ரோலுக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் அது அதிகம் என்று சொல்ல முடியாது. ஞாயிறு தவிர்த்து 26 நாள். 390 வெள்ளி. கட்டு மாற்ற ஆகும் நேரமோ பத்து நிமிடம்.

இருபத்தேழாம் நாளுக்கு முன்னால் எனக்குத் தோன்றாத கேள்வியை அன்று தற்செயலாகக் கேட்டேன்: "பக்கத்திலேயே எங்கேயாவது மாற்ற முடியாதா?" எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில், கம்பத்துப் (மலாய்க் கிராமத்து) பக்கம், தாய்சேய் நலத்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்த கிராமக் கிளினிக் ஒன்று இருந்தது. கட்டுத் துணியும் மருந்தும் கொடுத்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தால் அங்கிருக்கும் தாதியே மாற்றிவிடுவார் என்றார்கள். மீதமிருந்த மூன்று வாரமும் தம்பி அம்மாவை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அங்கேதான் அழைத்துப் போனான். முதல் நாளே ஒருவர் இதைச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நாங்கள் 11 கிலோமீட்டர் தாண்டி வருகிறோம் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது என்பதும் உண்மைதான். அதன் பிறகு எந்தத் தேதி கொடுத்தாலும் "நாங்கள் தோட்டத்திலிருந்து வருகிறோம், கார் இல்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் அம்மா அடிக்கடி சொல்லும் பழைய கதையையும் எழுத வேண்டும். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் தோட்டத்துக்கென்றே ஒரு மருந்தகமும் அதில் மருந்து கொடுக்கும் உதவியாளரான டிரசர் ஐயா ஒருவரும் இருந்தார்களாம். காய்ச்சல் என்றால் கண்ணாடிப் புட்டியில் மிக்சர் என்ற திரவ மருந்து, அதன் பக்கவாட்டில் வேளைக்கு ஒன்றாக வெட்டுக் குறியிட்ட காகிதப் பட்டை. தோட்ட முதலாளிகள் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி தரவேண்டும் என்று பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்த பின் எங்கள் தோட்டத்து மருந்தகம் உரக் கிடங்காகிவிட்டது. "அப்பெல்லாம் டிரசர் நம்ம வாசல்லயே இருந்தாரு" என்று அம்மா பெருமூச்சு விடுவார். அந்த மிக்சர் அவருடைய இரண்டு தம்பிகளைக் காப்பாற்றவில்லை என்பதையும் அவரே அடுத்த மூச்சில் சொல்லிவிடுவார்.

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு சில காரியங்கள் எளிதாயின. முன்பதிவை அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலி வழியே செய்யலாம். பாதி நாள் வேலைக்குப் போய்விட்டுக் குறித்த நேரத்துக்கு வர முடிந்ததால், ஆண்டுக்கு நான்கைந்து நாள் கூலியாவது மிஞ்சியது. எல்லா முறையும் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன்: ஒரு தடவை செயலியில் உறுதியாகக் காட்டிய தேதி முகப்பிடத்துக் கணினியில் இல்லை. வெறும் வயிற்றோடு வந்திருந்த அம்மா பத்தரை மணி வரை காத்திருந்தார். அதிலிருந்து முன்பதிவுத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்கிறேன். பையில் ஒரு பொட்டலம் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் இருக்கும்.

மருந்து வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பலருக்குத் தெரியவில்லை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா கிள்ளானில் மூன்று மாதம் தங்கினார். அதற்கு முன் மருந்துச் சாளரத்தில் சொன்னேன். எஞ்சிய மாதங்களுக்கான மருந்தை அங்குள்ள கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ளும்படி பதிவு செய்து கொடுத்தார்கள். காசு எதுவும் இல்லை. மருந்தை அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு, அதற்கு அஞ்சல் கட்டணம் நாம் கொடுக்க வேண்டும். எங்கள் லயத்துக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் மொத்தமாக வந்து இறங்குவதால், இன்சுலினை அப்படி வரவழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

2023-இல் கண்புரை. கிளினிக் மருத்துவரே மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இந்தக் கடிதத்தின் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்: சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளி, ஆனால் தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 வெள்ளி. கண்ணுக்குள் பொருத்தும் வில்லைக்கான செலவுதான் எங்களைப் பயமுறுத்தியது. நாங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பம். அதனால் அத்தகைய குடும்பங்களுக்கான பெக்கா பி40 என்ற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தில் அம்மா தானாகவே இடம்பெற்றிருந்தார். 2019-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச உடற்பரிசோதனையும், மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரையிலான உதவியும் உண்டு. மருத்துவமனையிலேயே பாரம் நிரப்பி அனுப்பினார்கள். நாங்கள் கொடுத்தது அடையாள அட்டையின் நகல் மட்டும். மூன்று வாரம் காத்திருந்தோம். அறுவைக்குப் பிறகு கட்டை அவிழ்த்த அன்று அம்மா முதலில் பார்த்துச் சொன்னது என் நரையைப் பற்றி.

எனக்கும் தம்பிக்கும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்தால் இப்போது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் வைத்தியம் தரும் மடானி மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குக்குப் போகிறோம். 2023 ஜூனில் பத்து மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் எங்கள் வட்டாரத்துக்கும் வந்தது. திடீர் நோய்க்கு மட்டும்தான். இனிப்புநீர் போன்ற நீண்டகால நோய்க்கு அது உதவாது. வாசலில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது.

இன்னும் தீராதவை இரண்டு. வீட்டில் சர்க்கரை பார்க்கும் பட்டைகளை எங்களுக்குக் கிளினிக்கில் தருவதில்லை. ஐம்பது கொண்ட ஒரு பெட்டிக்கு நகரத்து மருந்துக்கடையில் 40 வெள்ளிக்கும் மேல் கொடுக்கிறேன். ஆகவே தினமும் குத்திப் பார்க்க வேண்டிய அம்மா வாரத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கிறார், அதுவும் நான் கேட்டால். இரண்டாவது அந்த ரத்தம் கொடுக்கும் நாள். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு ஆகிவிட்டது, ஆகவே இழப்பும் ஏறிவிட்டது. ரத்தத்தைக் கிராமக் கிளினிக்கிலேயே எடுத்து அனுப்ப முடியுமா என்று சென்ற மாதம் கேட்டேன். தாதி மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதிவுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுத்த தேதி நவம்பரில் வருகிறது. கார்க்கார அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.