லிட்டருக்கு எவ்வளவு? குன்னூரில் ஒரு டீசல் காரோடு 14 மாதம்

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை அப்பா கேட்ட முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் என்று நான் அடுக்கிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். நிறுவனத்தின் கணக்குப்படி 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றேன். "மலையிலா, கீழேயா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். 14 மாதம், 16,840 கிலோமீட்டர், 31 முறை டேங்க் நிரப்பியதில் மொத்தம் 1,154 லிட்டர். வகுத்தால் 14.6 வருகிறது. ஆனால் அந்த 14.6 என்ற எண் ஒருவருக்கும் உதவாது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தச் சின்னத்தைச் சுற்றியே போய்விடும். இரண்டு லிட்டர் டர்போ டீசல், ஏறத்தாழ 1,600 கிலோ எடை, 18 அங்குலச் சக்கரங்கள், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம். இது போதும். நான் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒவ்வொரு நாளும் நண்பகலில் எவ்வளவு எண்ணெய் எரிந்தது, எவ்வளவு தூரம் வந்தோம் என்று எழுதி அனுப்பியாக வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. கையுறைப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது.

முதலில் அளக்கும் முறை. காரின் திரையில் தெரியும் மைலேஜை நான் நம்புவதில்லை. என் காரில் அது உண்மையைவிட ஏறத்தாழ ஏழு சதவீதம் கூட்டிச் சொல்கிறது. பெரும்பாலும் மேட்டுப்பாளையத்தில் ஒரே பங்க், ஒரே பம்பு. பம்பு தானாக நின்றதும் (ஆட்டோ கட்) நிறுத்திவிட வேண்டும். பங்க் பையன் "ரவுண்டாக்கி விடட்டுமா சார்?" என்பான், வேண்டாம் என்பேன். டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை, நுரைக்கும். வேகமாக விட்டால் நுரை பொங்கி, டேங்க் நிறைவதற்கு முன்பே கட் ஆகிவிடும். மெதுவாக விடச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். இப்போது என்னைக் கண்டாலே அவனே குழாயின் விசையைப் பாதி அழுத்தத்தில் பிடிக்கிறான். ஒரு டேங்க் கணக்கில் அரை லிட்டர் முன்பின் இருக்கலாம். பத்து டேங்க் சேர்ந்தால் அந்தப் பிழை கரைந்துவிடும்.

இனி மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. சாலை வழியே 34 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்தில் என் கார் சராசரியாக 9.4 கொடுக்கிறது. அதாவது ஒரு முறை ஏற 3.6 லிட்டர். (ஏற்றத்தைத் தனியாக டேங்க் வைத்து அளக்க முடியாது. திரையில் வரும் எண்ணில் அந்த ஏழு சதவீதத்தைக் கழித்திருக்கிறேன்.)

19 என்று சொன்ன கார் 9.4 கொடுத்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. பிறகு கணக்குப் போட்டேன். இரண்டு பேரோடு 1,750 கிலோ எடையை 1,520 மீட்டர் தூக்க 26 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறத்தாழ 36 மெகாஜூல். அதில் சக்கரம் வரை வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் சூடாகிப் புகையோடும் ரேடியேட்டரோடும் போய்விடும். (நான் வேலை பார்த்த கப்பல்களின் பெரிய என்ஜின்கள் பாதியைச் சுழற்சியாக மாற்றும். ஆனால் அவை மூன்று மாடி உயரம்.) ஆக, காரை வெறுமனே உயரத்துக்குத் தூக்குவதற்கே இரண்டு லிட்டர் போகிறது. யார் ஓட்டினாலும், எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், இதே எடைக்கு இந்த இரண்டு லிட்டரைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நிறுவனங்கள் சொல்லும் எண் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நடக்கிறது. அதிகபட்ச வேகம் 90, ஏசி கிடையாது, ஏற்றமும் கிடையாது. எங்கள் மலைப்பாதையில் வரும் பர்லியாறு அந்தச் சோதனைக்குத் தெரியாது.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய டீசல் என்ஜின் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. கார்தான் என்ஜினைச் சுற்றுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்க அரை லிட்டர் போதும். திரையில் பாதி நேரம் 99.9 என்று நிற்கும்.

என் மச்சான் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், ஏறும்போது 9.4, இறங்கும்போது 99.9, கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 54-க்கு மேல் என்று கைப்பேசியில் போட்டுக் காட்டினார். வங்கியில் மேலாளராக இருந்தவர். லிட்டர்களைத்தான் கூட்ட வேண்டும்: 3.6-உம் அரையும் சேர்ந்து 4.1 லிட்டர், போக வர 68 கிலோமீட்டர், லிட்டருக்கு 16.6. அவ்வளவுதான். ஆனால் இந்த 16.6 என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏற்றத்துக்குக் கட்டிய வரியில் ஒரு பகுதியை மலை இறக்கத்தில் திருப்பித் தந்துவிடுகிறது. முழுவதும் திரும்பாததற்குக் காரணம் பிரேக்கும் என்ஜினின் பிடிப்பும். 190 குதிரைத்திறன் கொண்ட காரை நிதானமாக ஓட்டினால் மலைச் சாலையில் இந்த மைலேஜ் கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா நம்பவில்லை. அவர் காலத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவார்களாம். முதலாளிக்குத் தெரிந்தால் பாராட்டு, போலீசுக்குத் தெரிந்தால் அபராதம். "கியரில் இறங்கினால் என்ஜின் கத்துகிறது, கத்தினால் டீசல் குடிக்கிறது" என்பது அவர் வாதம். வாதத்தால் அவரை ஜெயிக்க முடியாது. மரப்பாலத்துக்குக் கீழே ஒரு நீளமான இறக்கத்தில், இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு, அந்தந்த நொடியின் செலவைக் காட்டும் எண்ணைக் காட்டினேன். 0.0. பிறகு ஒரு தேநீர்க் கடை ஓரம் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, என்ஜினை அணைக்காமல் விட்டேன். மணிக்கு 0.6 லிட்டர் என்று காட்டியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அப்படியானால் முப்பது வருடம்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை, தேநீர் வாங்கச் சொன்னார். பழைய என்ஜின்களிலும் பம்பு இப்படி நிறுத்தும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியரை அதன் போக்கில் விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். என் கார் மேல் கியருக்குத் தாவி ஓடவே பார்க்கும். டீசலில் பெட்ரோல் அளவுக்கு என்ஜின் பிடிப்பும் இருக்காது. கையால் இரண்டிலோ மூன்றிலோ பூட்டி வையுங்கள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளைச் சும்மா நடவில்லை.

ஏற்றத்தில் எந்த மோடு நல்லது என்று ஐந்தைந்து முறை ஏறிப் பார்த்தேன். எக்கோ மோடில் 9.0. ஆம், சிக்கன மோடில் சாதாரண மோடைவிடக் குறைவு! எக்கோ மோடு அவசரமாக மேல் கியருக்குப் போகும், வளைவில் இழுக்க முடியாமல் இரண்டு கியர் இறங்கும், உறுமும், மறுபடி மேலே போகும். இப்படியே ஏற்றம் முழுவதும். சாதாரண மோடில் மூன்றாவது கியரைக் கையால் பிடித்து, நிமிடத்துக்கு 1,800 சுழற்சிக்கு மேல் வைத்தால் 9.7. ஸ்போர்ட் மோடில் 7.6, கூடவே மனைவியின் மௌனம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத கார்கள் அங்கே மூச்சு வாங்குவதற்கு அதுதான் காரணம். இந்த கார் டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடுகிறது. கால் வைத்ததும் வரும் அரை நொடித் தாமதம் மட்டும் கொஞ்சம் நீள்கிறது. எல்லநள்ளி ஏற்றத்தில் அரசுப் பேருந்தைக் கடக்கும்போது அது தெரியும்.

சமவெளியில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கோவையிலிருந்து சேலம் வரை 90-இல் ஓட்டினால் 20.6. அவசரத்தில் 110-ஐ ஒட்டிப் போன ஒரு நாளில் 16.9. அது என் தப்பு.

இப்போது உண்மையான திருடனுக்கு வருகிறேன். வீடு சிம்ஸ் பூங்காவுக்கு மேலே. மார்க்கெட் மூன்று கிலோமீட்டர். காலையில் எட்டு டிகிரிக் குளிரில் எழுப்பி, காய்கறி வாங்கி, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஏறி வந்தால் 7.8. சில நாள் 5. என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. நோட்டைக் கூட்டிப் பார்த்தேன்: மொத்த ஓட்டத்தில் ஊருக்குள் ஓடியது ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் டீசலில் மூன்றில் ஒரு பங்கைக் குடித்தது அதுதான். நான் மாதக்கணக்கில் மலைப்பாதையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 5-க்குக் காரணம் புகைக்குழாயில் உள்ள வடிகட்டி. பி.எஸ். 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்க ஒன்று இருக்கிறது. அது நிறைந்ததும் என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகும் காருக்கு அது கிடைப்பதில்லை. பாதியில் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும், மறுபடியும் டீசல்.

மலைவாசிக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "நீண்ட தூரம் ஓட்டுங்கள் சார்" என்று சர்வீஸ் மையத்தில் சொன்னார்கள். சரி என்று குன்னூரிலிருந்து கீழே இறங்கினேன். 34 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மலையடிவாரத்துக் கல்லாறு வந்தும், வடிகட்டி நிறைந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையவில்லை. யோசித்தால் சிரிப்பு வந்தது: இறக்கத்தில்தான் டீசலே தெளிப்பதில்லையே, வடிகட்டி எப்படிச் சூடாகும்? அன்று மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை வரை அறுபது எழுபதில் போய்த் திரும்பிய பிறகுதான் மஞ்சள் விளக்கு போனது. ஏற்றத்தில் தொடங்கினால் குன்னூர் வருவதற்குள் சுத்தமாக முடிந்துவிடும். இதை அந்த மையத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. மலையில் டீசல் கார் விற்பவர்கள் சாவியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

எரிப்பு நடப்பதை எப்படி அறிவது? நிற்கும்போது சுழற்சி 800-இலிருந்து 1,000-ஐ ஒட்டி ஏறும். காரை அணைத்த பிறகும் விசிறி ஓங்கிச் சுற்றும். வெறும் இரும்புக் கடாயை அடுப்பில் மறந்துவிட்டது போல ஒரு வாசனை வரும். அப்போது அணைக்காதீர்கள், இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். எண்ணெய் அளவையும் பாருங்கள். பாதியில் நின்ற எரிப்புகளின் டீசல் என்ஜின் எண்ணெயில் கலந்து அளவு ஏறும். முதல் ஆறு மாதத்தில் எனக்கு ஏறியது, குறித்த காலத்துக்கு முன்பே மாற்றிவிட்டேன்.

புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியா கரைசலை இதுவரை இரண்டு முறை நிரப்பியிருக்கிறேன். அது உறைய மைனஸ் 11 டிகிரி வேண்டும். தலைக்குந்தாவில் உறைபனி விழும் ஜனவரியிலும் கவலையில்லை.

சீசன் தனிக்கதை. மே மாதம் ஒரு சனிக்கிழமை கல்லாறிலிருந்து குன்னூருக்கு இரண்டு மணி இருபது நிமிடம், 6.9. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. டி.என். 43 என்ற நம் நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அது தேவையில்லை, நெரிசலுக்கு மட்டும் அந்த விலக்கு தெரிவதில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாரம் ஒருமுறையாவது கோவைக்கு இறங்குபவர் என்றால் தாராளமாக. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஊருக்குள்ளேயே சுற்றுபவர் என்றால் பெட்ரோல் வாங்குங்கள். 190 குதிரையும் தேவையா என்றால், முழுதாக அவிழ்த்துவிட்டது கல்லட்டியில் ஒரே முறைதான். 36 வளைவுகளையும் மசினகுடியிலிருந்து ஸ்போர்ட் மோடில் ஏறினேன். 6.2. நோட்டில் அந்த வரிக்கு அருகே அப்பா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

மார்க்கெட்டுக்கு இப்போது காரை எடுப்பதில்லை. கொட்டகையில் கிடந்த பழைய ஸ்கூட்டரைத் துடைத்து பேட்டரி மாற்றியிருக்கிறேன். அதற்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்தேன். முதல் பக்கத்தில் எழுதச் சொன்னபோது, "தக்காளி விலையை வேண்டுமானால் எழுதுகிறேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.