தலைக்கு கரண்ட் வெச்ச சென்டர், 5க்கு 3 ஸ்டார்

மதுரைல அம்மாவுக்கு ரேடியேஷன் வெச்ச சென்டர் இது, பேரு போடல. தலைக்கு கரண்ட் வெக்கப் போறவங்க வீட்ல யாராச்சும் படிச்சா உதவும்னு எழுதுறேன்.

மார்புல இருந்த கேன்சர் மூளைக்கு ஏறிடுச்சு, மூளை முழுசுக்கும் 10 நாள், மொத்தம் 30 கிரே (கிரேங்கிறது கதிர் அளவு). டெக்னீஷியன் தம்பிக்கு முழு மார்க். மொத நாள் சுடுதண்ணில போட்டு எடுத்த வலை ஷீட்ட முகத்துல இழுத்து மாஸ்க் செஞ்சாங்க, அம்மா பயந்து என் சுண்டுவிரல விடவே இல்ல, "மூச்சு நல்லா விடுங்கம்மா, இதோ ஆச்சு"ன்னு பேசிட்டே காதோரம் அழுத்தாம சரி பண்ணாரு. சொன்னா சொன்ன டைம், பில்லுலயும் ஒளிவுமறைவு இல்ல.

ஆனா எல்லாம் முடிஞ்சு ஆறாவது வாரம் அம்மா தூங்க ஆரம்பிச்சாங்க. வாயில இட்லி இருக்கும்போதே கண்ணு சொருகிடும், எழுப்பினா ரெண்டு வார்த்தை, மறுபடி தூக்கம். நோய் திரும்பிடுச்சுன்னு வீடே அழுதுச்சு. போன் பண்ணா "ரிவ்யூ தேதிக்கு வாங்க"ன்னு வெச்சுட்டாங்க.

வேற ஒரு நரம்பு டாக்டர்தான் உக்கார வெச்சு சொன்னாரு. வயருக்கு மேல ப்ளாஸ்டிக் மாதிரி நரம்புக்கு மயலின்னு ஒரு உறை, அத சுத்துறது ஒலிகோடென்ட்ரோசைட்ங்கிற செல், அந்த செல்ல உண்டாக்குற இளஞ்செல்லுங்க கதிர் பட்டா சீக்கிரம் செத்துடும், உறை தேயத் தேய ஈடுகட்ட ஆளில்லாம சில வாரம் கழிச்சுதான் வெளிய தெரியுமாம். ஸ்கேன்ல கட்டி வளரலன்னு பாத்துட்டு கொஞ்ச நாள் டெக்ஸாங்கிற ஸ்டீராய்டு மருந்து குடுத்தாரு, ஒரு மாசத்துல அம்மா எழுந்து சமையல்கட்டுக்கே வந்துட்டாங்க. ஆறு மாசம் தாண்டி வர்ற பாதிப்பு இப்படி லேசுல போகாது, திசு செத்து வீங்கினா பெவாசிசுமாப் ஊசி வரைக்கும் போகணும்னாரு.

2015லயே நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் ஆஸ்பத்திரில மனித ஸ்டெம் செல்லுலேருந்து (வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) இந்த இளஞ்செல்ல வளத்து கதிர் பட்ட எலி மூளைல வெச்சிருக்காங்க, மயலின் திரும்ப உருவாச்சு, எலிக்கு ஞாபகமும் தேறுச்சு. படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. ஆனா நமக்கு இப்பவே கைல இருக்கறது வேற, ஞாபகம் குறையறத தள்ளிப்போட மெமன்டின் மாத்திரை கரண்டோட சேத்தே ஆரம்பிச்சு 24 வாரம் குடுக்கலாம், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கிற மூளைப் பகுதில கதிர் அதிகம் படாம வெக்கிற முறையும் இருக்கு. ரெண்டையும் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதுக்குத்தான் ரெண்டு ஸ்டார் குறைச்சேன்.

போறவங்க மொத நாளே இத ரெண்டும் எங்களுக்கு ஒத்து வருமான்னு கேளுங்க, தூக்கம் வந்தா எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு எழுதி வாங்கிக்கோங்க.