பீட் ரிலீஸ் என்று சுவர்ப் பட்டிமாவை விற்கிறார்கள்: டார்ச்சில் மணி செய்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் டார்ச்சில் (கேஸ் தீயில்) கண்ணாடியை இளக்கிக் கோர்க்கும் மணி செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். 'இம்போர்ட்டட் பீட் ரிலீஸ்' (மணி ஒட்டாமல் கழன்று வரக் கம்பியில் பூசுவது) என்று ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளைப் பொடி, கிலோ 1,450 ரூபாய். கூடவே '304 எஸ்எஸ் மாண்ட்ரல்' (இளகிய கண்ணாடியைச் சுற்றி மணி செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி) என்று 2.4 மில்லிமீட்டர் கம்பி ஒரு கட்டு. இரண்டுமே சொன்ன பொருள் இல்லை. அந்தப் பொடியை அந்தக் கம்பியில் பூசி 80 மணி செய்தோம். 71 மணி கம்பியை விட்டு வரவில்லை.

பழகிய கைகளுக்கும் ஒன்றிரண்டு மணி மாட்டத்தான் செய்யும். பூச்சு மெலிந்தால் மாட்டும். கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் விட்டாலோ பூச்சு உரிந்துவிடும். தடிமனாகப் பூசி உடனே தீயில் காட்டினால் வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியாகக் கண்ணாடி இறங்கி எஃகைத் தொட்டுவிடும். பூச்சு முடிகிற இடத்தைத் தாண்டி வெறுங்கம்பியில் கண்ணாடி ஏறினால் கேட்கவே வேண்டாம். எண்பதுக்கு எழுபத்தொன்று மாட்டினால் அது கைப்பிழை அல்ல, பொருளின் பிழை.

நல்ல ரிலீஸ் என்பது பெரும்பாலும் கயோலினும் (நம் ஊரில் சைனா கிளே என்று கேட்டால் கொடுப்பார்கள்) அலுமினா ஹைட்ரேட்டும்தான். சூட்டில் அலுமினா ஹைட்ரேட் நீரை இழந்து அலுமினாவாகும். அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் டார்ச் சூட்டில் அது கண்ணாடியோடு சேராமல், கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாவாகவே நிற்கும். ஆறியபின் முறுக்கினால் அந்த மாவு நொறுங்கி மணி கழன்றுவிடும்.

எங்களுக்கு வந்த பொடி நேர் எதிராக நடந்தது. மாட்டிய மணி ஒன்றைத் தண்ணீர் விட்டபடியே டைமண்ட் பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். துளையைச் சுற்றி ஓடு போல வெள்ளை விளிம்பு, நகத்தால் கீறினால் உதிரவில்லை. விளிம்பை ஒட்டிக் கண்ணாடிக்குள் கடுகளவுக்கும் சிறிய குமிழிகள் வரிசையாக நின்றன. கம்பி இருந்த பக்கம் கறுப்புச் செதில். பட்டிமாவில் இருக்கும் சுண்ணாம்புக்கல் தூள் 800 டிகிரிக்கு மேல் போனால் கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். குமிழி அந்த வாயுதான். சுட்ட சுண்ணாம்பு சோடா கண்ணாடியோடு ஒட்டி இளகும், அந்த வெள்ளை ஓடு அப்படி வந்தது.

பிறகு பொடியைச் சோதித்தோம். செலவில்லாத மூன்று சோதனைகள்தான், பொட்டலத்தைப் பிரித்த அன்றே எல்லோரும் செய்யலாம். ஒரு சிட்டிகை பொடி மீது லேசாகச் சூடாக்கிய வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புக்கல்லோ டோலமைட்டோ இருக்கிறது, எங்களுடையது நுரைத்தது. டோலமைட் குளிர்ந்த வினிகரில் மெதுவாகத்தான் நுரைக்கும், அதனால்தான் சூடு பண்ணச் சொல்கிறோம். அடுத்தது, ஒரு பாட்டில் மூடியில் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். களிமண் கலவை காய்ந்தாலும் திரும்பத் தண்ணீரில் போட்டால் கரையும். எங்களுடையது கல்லாக இறுகிக் கிடந்தது, இரண்டு நாள் ஊறியும் கரையவில்லை. அப்படியென்றால் உள்ளே சிமெண்ட் இருக்கிறது. மூன்றாவதாக, கம்பியில் பூசிக் காயவைத்து டார்ச்சில் காட்டினோம். பிளாஸ்டிக் கருகும் வாடை, பூச்சு பழுப்பாகி அப்புறம் வெளுத்தது. சிமெண்ட், சுண்ணாம்புத் தூள், பாலிமர் மூன்றும் சேர்ந்தால் அது சுவருக்கு வைக்கும் பட்டிமாவு. கடையில் கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைப்பது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கிராஃபைட் கலந்த சாம்பல் நிற ரிலீஸில் நல்லதும் உண்டு.

கம்பிக்கு வருவோம். இதுவும் சின்ன விஷயம் இல்லை. 304 எஸ்எஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 17 பங்கு சுருங்கினால் (பத்து லட்சத்தில்), 104 சிஓஇ கண்ணாடி (சிஓஇ என்பது சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும் எண்) 10.4 பங்கு சுருங்கும். சாதா இரும்பு 12 பங்குதான். 2.4 மில்லிமீட்டர் கம்பி 500 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது எஸ்எஸ் என்றால் கண்ணாடியைவிட 7, 8 மைக்ரான் கூடுதலாகச் சுருங்கி விலகும். சாதா இரும்பில் அந்த இடைவெளி 2 மைக்ரானைத் தாண்டாது. போதாததற்குச் சூட்டில் செதில் விட்டு அந்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முழுக்க நம்ப வேண்டாம். இழுத்து மெலிதாக்கிய 304 கம்பியும், 308எல் என்னும் எஸ்எஸ் வெல்டிங் ராடும் லேசாகக் காந்தத்தில் ஒட்டும். பட்டென்று வலுவாக ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்த கம்பியைப் பாதி மூழ்கும்படி ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். எங்களுடையது காலையில் மூழ்கிய மட்டத்துக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் துரு கட்டியிருந்தது. பளபளப்பெல்லாம் மேல்பூச்சு.

இனி மாட்டிய மணியைக் கழற்றுவது. அனீலிங் (கில்ன் என்னும் சூளையில் வைத்து மெதுவாக ஆறவிடுவது) ஆகாத மணியைத் தொடவே கூடாது, முறுக்கினால் உள்ளங்கையில் வெடிக்கும். 104 கண்ணாடி கில்னில் 515 டிகிரி வாக்கில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நின்று, மெதுவாக இறங்கி, முழுக்க ஆறியிருக்க வேண்டும். தோல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

நல்ல ரிலீஸில் மாட்டியது என்றால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கம்பியின் வெறும் முனையைப் பெஞ்ச் வைஸில் இறுக்குங்கள். பழைய சைக்கிள் ட்யூப் துண்டை மணி மேல் சுற்றிக் கையால் பிடியுங்கள். நேரே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். 'நறுக்'கென்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதுதான் பூச்சு விட்டுக்கொடுக்கிற சத்தம். அதன்பின் முறுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஊறிய ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு முறுக்குங்கள். எஃகு கண்ணாடியைவிடக் கூடுதலாகச் சுருங்குவது இதில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பூச்சுக்குள் ஊறிய நீர் உறைந்து மாவைக் கிளப்புவதால்தான் பலன். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். குறடு கம்பியைப் பிடிக்க மட்டுமே. மணியைக் குறடால் பிடித்தால் சில்லு சில்லாகும். கம்பியை டிரில் சக்கில் மாட்டிச் சுற்றுவதும் வேண்டாம்.

பட்டிமாவில் மாட்டியதற்கு இந்த வழி உதவாது, கெடுதல்தான். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் பொங்கும். வழக்கம்போல ஊறவைத்ததில் ஆறு மணிகள் தாமாகவே நீளவாக்கில் பிளந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் மீதியைத் தண்ணீரில் போடாமல் நேரே வினிகரில் போட்டோம். தினம் ஒருமுறை வினிகரை மாற்றி, மூன்று நாள். அவற்றில் 23 கழன்றன. மற்றவை கண்ணாடியே கம்பியோடு பற்றிக்கொண்டவை, அவற்றை மீட்க வழியில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட் ஊற்றினால் இரும்பு கரையும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கும் ஆகாது, பக்கத்தில் இருக்கிற டார்ச், ரெகுலேட்டர், கில்ன் எல்லாவற்றையும் அரித்துவிடும். டார்ச்சில் மறுபடி காட்டி இளக்குவதும் நடக்காது, ஆறிய மணி நேரே தீயில் பட்டால் வெடிக்கும்.

துளையில் மிச்சமிருக்கும் வெள்ளையை டைமண்ட் ரீமரால் (துளைக்குள் விட்டுத் தேய்க்கும் கருவி) எடுக்கும்போது மணியையும் ரீமரையும் தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள். அந்தத் தூசி உலர்ந்து மூச்சில் போகக்கூடாது. பொடி கலக்கும்போதும் என்95 முகக்கவசம் போடுங்கள்.

ரிலீஸை நீங்களே கலந்துவிடலாம். கயோலினும் அலுமினா ஹைட்ரேட்டும் சம அளவு, பேட்டரி தண்ணீரில் கலக்குங்கள். நம் போர்த்தண்ணீரின் கடினத்தன்மையில் களி சீக்கிரம் திரண்டு அடியில் தங்கிவிடுகிறது. நீர்மோர் பதம் போதாது, தோசைமாவு பதம் அதிகம். கடைந்த தயிர் பதம் சரி. ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்பும் அடிவரை கலக்குங்கள். பூசியபின் கம்பியின் நிறம் தெரியக்கூடாது, அதற்காக அரை மில்லிமீட்டருக்கு மேலும் போகவேண்டாம். இரவு முழுக்கக் காற்றில் காயட்டும். கம்பிக்கு ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள வெல்டிங் கடைகளில் 308எல் டிக் ஃபில்லர் ராடு கேளுங்கள். 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டரில் ஒரு மீட்டர் நீளத்தில் இருக்கும், வெட்டிக்கொள்ளலாம்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "தண்ணில ஊறப் போட்டீங்களா மேடம்? எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க." சோதனை வீடியோ அனுப்பியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பொட்டலத்தில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், எம்ஆர்பி எதுவும் இல்லை. பொட்டலப் பொருளுக்கு இவை சட்டப்படி கட்டாயம். இல்லாத பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். மணி செய்து விற்பவர்கள் 'வியாபாரத்துக்கு வாங்கியது' என்று தள்ளிவிடப்படாமல் இருக்க, சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வதாக மனுவிலேயே எழுதுங்கள். பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பொட்டலம் பிரிக்கும் வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும். மிச்சப் பொடியில் கால் கிலோவாவது சீல் வைத்து எடுத்து வையுங்கள், ஆய்வகச் சோதனை என்று வந்தால் அது தேவைப்படும்.